முட்டுச்சுவர் இல்லாத மாடம்

புலவர்க்கிடையே பூசல் நேர்வது நமக்குப் புதிதன்று. பாட்டினால் பட்ட காயத்துக்குப் பாட்டினாலேயே மருந்திட்டுக்கொண்டவர் பலரை நாம் அறிவோம். ஆயினும், ஒரு கட்டடக் கலைஞரும் ஒரு கவிஞரும் ஒரு வளைவின் ஆரம் எவ்வளவு என்பது குறித்து வழக்கிட்டு, வழக்கு முற்றி ஒருவர்மேல் ஒருவர் வசைகவி எழுதிக்கொண்ட வரலாறு அரிது. இத்தாலி நாட்டின் ஃபிளாரன்ஸ் நகரில், பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது நிகழ்ந்தது. கட்டடக் கலைஞர் பிலிப்போ புருனெல்லெஸ்கி. கவிஞர் ஜொவான்னி தா பிராத்தோ. இம்மலரைப் படிப்போரில் பெரும்பாலோர் பாட்டெழுதுவோர் ஆதலின், முன்னவரின் வாழ்வைச் சொல்லவந்த நான் பின்னவரையும் மறக்காமல் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன்.

பிலிப்போ 1377ஆம் ஆண்டு ஃபிளாரன்ஸ் நகரில் பிறந்தார். தந்தை செர் புருனெல்லெஸ்கோ ஆவணம் எழுதிச் சான்றளிக்கும் நோட்டரி. மகனும் தம் தொழிலையே மேற்கொள்வான் என்று அவர் எதிர்பார்த்தார். மகனோ கைவினையை நாடினார். தந்தை தடுக்கவில்லை. பொற்கொல்லரிடம் பயிற்சி பெற்ற பிலிப்போ, 1398இல் பட்டு வணிகர் சங்கத்தில் பதிவு செய்துகொண்டார். பொற்கொல்லர் அந்நகரில் அச்சங்கத்தைச் சேர்ந்தோராகவே கருதப்பட்டனர். கல்லையும் சாந்தையும் தொட்டு வளர்ந்தவரல்லர் அவர் என்பதை இங்கே நினைவில் இருத்துக. பின்னாளில் அது அவருக்கு எதிராக எடுக்கப்பட்ட ஓர் ஆயுதமாயிற்று.

1401இல் நகரத் துணிவணிகர் சங்கம் ஒரு போட்டியை அறிவித்தது. பேராலயத்துக்கு எதிரே நிற்கும் எண்கோணத் திருமுழுக்கு மண்டபத்துக்கு வெண்கலக் கதவுகள் செய்யவேண்டும். ஆபிரகாம் தம் மகன் ஈசாக்கைப் பலியிடப்போகும் காட்சியை ஒரு வெண்கலப் பலகையில் வடித்துக் காட்டுவோரில் சிறந்தவர்க்கு வேலை கிட்டும். எழுவர் போட்டியிட்டனர். இறுதியில் இருவர் பலகைகளே நின்றன: ஒன்று பிலிப்போ செய்தது, மற்றொன்று அவரினும் சற்றே இளையரான லொரென்சோ கிபெர்த்தி செய்தது. இரண்டும் இன்றும் ஃபிளாரன்ஸின் பார்ஜெல்லோ காட்சியகத்தில் அருகருகே தொங்குகின்றன. பிலிப்போவின் பலகையில் வானவர் பாய்ந்து வந்து ஆபிரகாமின் கையைப் பற்றுகிறார். கத்தி கழுத்தில் பட்டுவிட்டது போன்ற பதற்றம். கிபெர்த்தியின் பலகையிலோ எல்லாம் அமைதியாக அசைகின்றன. மேலும், கிபெர்த்தி பெரும்பகுதியை ஒரே வார்ப்பாக வார்த்திருந்தார். உருவங்களைத் தனித்தனியே வார்த்துப் பொருத்திய பிலிப்போவின் பலகையை விட அது ஏறத்தாழ ஏழு கிலோ எடை குறைவு. கணக்குப் பார்க்கும் வணிகர்க்கு அதுவும் ஒரு நயமே.

பரிசு கிபெர்த்திக்குப் போயிற்று. எப்படிப் போயிற்று என்பதில்தான் இரண்டு கதைகள் உள்ளன. நடுவர் அனைவரும் ஒருமனதாகத் தம்மையே தேர்ந்தனர் என்று கிபெர்த்தி தம் நூலில் எழுதிவைத்தார். இருவரும் சேர்ந்து செய்க என்று நடுவர் கூற, பிலிப்போ பங்கு வேண்டாமென மறுத்து விலகினார் என்று பிலிப்போவின் வரலாற்றை எழுதிய அந்தோனியோ மனெத்தி கூறுகிறார். மனெத்தி பிலிப்போவின்பால் பேரன்பு கொண்டவர். தம் தலைவரைத் தோற்றவராகக் காட்ட அவர் பேனா இடங்கொடுக்கவில்லை. இவ்விரு கதைகளில் எதனையும் முழுதாக நம்பவேண்டியதில்லை என்பதே என் எண்ணம்.

தோல்விக்குப்பின் பிலிப்போ தம் நண்பரான சிற்பி தொனத்தெல்லோவுடன் உரோமுக்குச் சென்றார் என்பது மனெத்தி தரும் செய்தி. இடிபாடுகளை அகழ்ந்து அளந்துகொண்டிருந்த அவ்விருவரையும் புதையல் தேடுவோர் என்றே ஊரார் எண்ணினராம். அங்கே பாந்தியன் கோயிலின் மாடம் இருந்தது. ஏறத்தாழ 43 மீட்டர் அகலமுள்ள அம்மாடத்துக்கு இணையாக ஒன்றைப் பன்னிரண்டு நூற்றாண்டுகளாக அப்பகுதியில் எவரும் எழுப்பவில்லை. நெடுந்தொலைவுப் பொருள்கள் கண்ணுக்குச் சிறுத்துத் தோன்றும் முறையை வடிவக்கணித விதியாகக் கண்டு, ஓவியப்பலகையும் கண்ணாடியும் கொண்டு மெய்ப்பித்துக் காட்டியதும் இக்காலத்தை ஒட்டியதே. ஓவிய வரலாற்றுக்கு அது மிகப்பெரிய செய்தி. நம் கதைக்கு அது துணைச்செய்தி, கடந்து செல்வோம்.

இனிப் பேராலயத்தைக் கூறவேண்டும். சாந்தா மரியா தெல் ஃபியோரே என்னும் அப்பேராலயத்துக்கு 1296இல் அர்னோல்ஃபோ தி காம்பியோ அடித்தளமிட்டார். கூர்வளைவுகளும் உயர்ந்த தூண்களும் கொண்ட கோதிக் கட்டடம் அது. ஆனால் வடநாட்டுக் கோதிக் அன்று. பாரிசிலும் கொலோனிலும் எழுந்த ஆலயங்களின் வெளிப்புறத்தே, சுவர் வெளித்தள்ளாதிருக்கக் கல்விலாக்களைப் போல் வளைவுமுட்டுகள் நிற்கும். அவற்றை 1367இல் ஃபிளாரன்ஸ் நகரத்தார் வேண்டாமென்றனர். அவ்வாண்டு இரண்டு திட்டங்கள் போட்டியிட்டன. ஜொவான்னி தி லாப்போ கினி என்பவரது திட்டம் கோதிக் மரபை ஒட்டியது. நேரி தி ஃபியொரவாந்தி தலைமையிலான குழுவின் திட்டம் வெளிமுட்டு எதுவுமின்றி, பிணைப்பு வளையங்களைச் சுவருக்குள்ளேயே மறைத்து, கூர்நுனி மாடமொன்றை எழுப்பச் சொன்னது. நகர மக்களிடமே கேட்டு, நேரியின் திட்டத்தை ஏற்றனர். அம்மாதிரியினின்று வழுவுவதில்லை என்று பணிப்பொறுப்பாளர் ஆண்டுதோறும் உறுதியும் பூண்டனர். எப்படிக் கட்டுவது என்பது மட்டும் எவருக்கும் தெரியாது. தெரியாததற்குச் சூளுரைத்த அந்நகரத்தாரின் துணிவை எண்ணி வியக்கவும் தோன்றுகிறது, நகைக்கவும் தோன்றுகிறது.

அக்காலத்தில் ஆலயத்தின் உயரத்தை உறுதி செய்தது பொறியியல் கணக்கன்று, வடிவக்கணிதமே. மிலான் பேராலயத்தின் வரலாறு இதற்குச் சான்று. 1386இல் தொடங்கிய அவ்வாலயத்தின் அகலம் 96 முழம். உயரம் எவ்வளவு? சதுரத்தின்படி உயர்த்தினால் அதுவும் 96. சமபக்க முக்கோணத்தின்படி உயர்த்தினால் 83க்குச் சற்று மேல் வரும். அது முழுவெண்ணில் அடங்காது. 1391இல் பியாச்சென்சாவிலிருந்து கப்ரியேலே ஸ்தொர்னலோக்கோ என்னும் கணக்கறிஞரை வரவழைத்து, 84 எனத் தோராயமாகக் கொள்ளலாம் என்று வழி கண்டனர். அடுத்த ஆண்டு ஜெர்மானியரான ஹைன்ரிக் பார்லர் சதுரமே முறை என்று வாதிட்டுப் பதவியிழந்தார். 1399இல் பாரிசிலிருந்து வந்த ழான் மின்யோ, முட்டுச்சுவர் போதாது, கட்டடம் விழும் என்று எச்சரித்து 1401இல் விலக்கப்பட்டார். கட்டடம் விழவில்லை. முக்கோணத்துக்கும் சதுரத்துக்கும் இடையே இத்தனை சினம் மூண்டிருந்த உலகில்தான் பிலிப்போ தம் தொழிலைத் தொடங்கினார்.

ஃபிளாரன்ஸில் வழக்குக்குரிய வடிவம் வேறு. அங்கே ஏறத்தாழ 52 மீட்டர் உயரத்தில் ஓர் எண்கோணச் சுவர் வாய்திறந்து நின்றது. எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே 72 முழம். ஃபிளாரன்ஸ் முழம் 58 செ.மீ.க்குச் சற்றே மிகுதி. ஆகவே ஏறத்தாழ 42 மீட்டர். மாடத்தின் வளைவை 'கூரிய ஐந்து' என்னும் அளவில் அமைக்கவேண்டும் என்பது விதி. அதனை அறிவது எளிது. ஒரு கோடு வரைந்து ஐந்து சம பங்காக்குக. ஒரு முனையிலிருந்து ஒரு பங்கு தள்ளிக் கவராயத்தின் ஊசியை ஊன்றுக. மறுமுனையைத் தொட்டு வில்லொன்று வரைக. அதன் ஆரம் நான்கு பங்காகும். மறுபுறமிருந்தும் அவ்வாறே செய்க. இரு விற்களும் நடுவே கூராகச் சந்திக்கும். அரைவட்டத்தை விட உயர்ந்து நிற்பதால் இவ்வளைவு பக்கவாட்டில் குறைவாகவே தள்ளும். தாளில் இதனை ஒரு சிறுவனும் வரையலாம். 42 மீட்டர் அகலத்தில், அந்தரத்தில், ஊசி ஊன்ற இடமில்லாத வெளியில் வரைவது எங்ஙனம்?

வழக்கமான முறை, கீழிருந்தே மரச்சாரம் எழுப்பி அதன்மேல் வளைவைக் கட்டிக் காரை இறுகியபின் சாரத்தைப் பிரிப்பதாகும். அவ்வளவு உயரத்துக்கும் அகலத்துக்கும் வேண்டிய மரத்தைத் திரட்டுவது ஆகாத காரியம். 1418 ஆகஸ்டு 19ஆம் நாள் போட்டி அறிவிக்கப்பட்டது. பரிசு 200 பொற்காசு. தரையிலிருந்து எழும் சாரமே வேண்டாம் என்றார் பிலிப்போ. எப்படி என்று கேட்டவர்களுக்கு விளக்கம் சொல்லவும் மறுத்தார். பித்தர் என்று அவரைக் கூட்டத்திலிருந்து தூக்கி வெளியே விட்டனர் என்பது மனெத்தி சொல்லும் செய்தி. முட்டையை நிறுத்திக்காட்டிய கதையை வசாரி சேர்க்கிறார். கொலம்பசைப் பற்றியும் அதே முட்டைக் கதை சொல்லப்படுவதால் அதனை நான் பெரிதாகக் கொள்ளவில்லை. அவர் செங்கல்லால் பெரிய மாதிரியொன்று கட்டிக் காட்டினார் என்பதும், தொனத்தெல்லோவும் நன்னி தி பாங்கோவும் அதில் துணைநின்றனர் என்பதும் கணக்கேடுகளில் உள்ளவை. அறிவித்த பரிசு எவருக்கும் முறையாக வழங்கப்படவில்லை.

1420இல் மூவர் மேற்பார்வையாளராக அமர்த்தப்பட்டனர்: பிலிப்போ, கொத்தர் தலைவர் பத்திஸ்தா தந்தோனியோ, பின்னும் ஒருவர் கிபெர்த்தி. பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் தம்மை வென்றவரோடு, மாதம் மூன்று பொற்காசு என்னும் அதே ஊதியத்துக்குப் பிலிப்போ பணியாற்ற வேண்டியதாயிற்று. அவ்வாண்டு ஆகஸ்டு 7ஆம் நாள் வேலை தொடங்கியது.

மாடம் இரண்டு கூடுகளாக எழுந்தது. உள்ளே தடித்தது, வெளியே மெல்லியது. இடையே ஏறிச்செல்லப் படிகள். எண்கோணமாகத் தோன்றினும், இரண்டு மீட்டருக்கு மேற்பட்ட உட்கூட்டின் பருமனுக்குள் முறிவற்ற ஒரு வட்ட வளையம் அடங்குகிறது. வட்டமாடம் ஒவ்வொரு வளையமாகத் தன்னைத் தானே தாங்கிக்கொண்டு உயரும். எண்கோணத்துக்கு அது இயலாது. எண்கோணத்துக்குள் வட்டத்தை ஒளித்துவைத்ததே சாரமின்றிக் கட்ட முடிந்ததன் காரணம் என்று பிற்கால ஆய்வாளர் விளக்குவர். செங்கற்களைப் படுக்கை வரிசையாக மட்டும் அடுக்காமல், இடையிடையே செங்குத்தாக நிறுத்தி, மீன்முள் போன்ற கோலத்தில் கோத்தார். உட்புறம் சரியும் வரிசையில் காரை இறுகும்வரை கல் நழுவாமல் அந்நின்ற செங்கற்கள் பிடித்துக்கொண்டன. மணற்கல் துண்டுகளை இரும்பால் பிணைத்த சங்கிலி வளையங்களும் மரச்சங்கிலி ஒன்றும் மாடத்தை இடுப்புக்கச்சை போல் இறுக்கின. மொத்தம் ஏறத்தாழ நாற்பது இலட்சம் செங்கற்கள் என்பது மதிப்பீடு.

அத்தனையையும் மேலேற்ற அவர் செய்த பாரந்தூக்கி தனியே பாடத்தக்கது. எருதுகள் ஒரே திசையில் சுற்றிக்கொண்டே இருக்கும். பற்சக்கரத்தை மாற்றினால் பாரம் ஏறும், மீண்டும் மாற்றினால் இறங்கும். எருதுகளை அவிழ்த்துத் திருப்பிப் பூட்டும் வேலை இல்லை. அரை நூற்றாண்டுக்குப்பின் இளைஞராயிருந்த லியொனார்தோ தா வின்சி இப்பொறிகளைத் தம் ஏடுகளில் வரைந்துகொண்டார்.

கிபெர்த்தியோடு நேர்ந்த பிணக்கைப் பற்றி மனெத்தி சொல்லும் கதை சுவையானது. மரச்சங்கிலி வேலை நடந்த காலத்தில் பிலிப்போ நோயென்று படுத்துக்கொண்டார். கொத்தர்கள் கிபெர்த்தியிடம் வழி கேட்டனர். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. வேலை நின்றது, குட்டு வெளிப்பட்டது. கதை நன்றாகத்தான் இருக்கிறது; அளவுக்கு மீறி நன்றாக இருப்பதே என் ஐயத்துக்குக் காரணம். கணக்கேடு சொல்வது இவ்வளவே: 1425இல் கிபெர்த்தியின் ஊதியம் சிலகாலம் நிறுத்தப்பட்டது, மீண்டும் வழங்கப்பட்டது, 1426இல் பிலிப்போவின் ஊதியம் ஆண்டுக்கு நூறு பொற்காசாக உயர்ந்தது, கிபெர்த்தியுடையது பழைய மூன்றிலேயே நின்றது. கிபெர்த்தியோ, பதினெட்டு ஆண்டுகள் சம ஊதியத்தில் இருவரும் சேர்ந்தே மாடத்தைக் கட்டினோம் என்று எழுதினார். அது உண்மையன்று. ஆனால் அவர் ஒன்றுமே செய்யாதவர் என்பதும் உண்மையாகாது. திருமுழுக்கு மண்டபத்துக்கு இரண்டு இணைக் கதவுகளை ஐம்பது ஆண்டு உழைத்து வார்த்த கைகள் அவை.

இங்கேதான் கவிஞர் வருகிறார். ஜொவான்னி தா பிராத்தோ, தாந்தேயின் காவியத்தை ஃபிளாரன்ஸ் கல்விக்கழகத்தில் பொதுமக்களுக்கு விரித்துரைத்த புலவர். அதுவன்றி வடிவக்கணிதமும் அறிந்தவர். பேராலயப் பொறுப்பாளர் அவரையும் மாடப்பணிக்கு ஆலோசகராக அமர்த்தியிருந்தனர். 1421இல் பிலிப்போ ஆற்றில் பாரம் சுமக்கும் புதுவகைக் கலமொன்றுக்கு மூன்றாண்டுத் தனியுரிமை பெற்றார். உலகில் வழங்கப்பட்ட முதல் தனியுரிமைகளுள் ஒன்று அது. அதனைப் போன்று வேறெவரும் செய்தால் அக்கலம் எரிக்கப்படும் என்பது ஆணை. ஜொவான்னிக்கு இது பொறுக்கவில்லை. பதினான்கடிச் சானெட் பாவில் பிலிப்போவை அறியாமையின் ஊற்றாகச் சித்திரித்தார். உறுதியற்ற ஒன்றைக் கண்ணுக்குக் காட்ட முயலும் வீணர் என்பது அதன் சாரம். கலத்தைக் குறித்தே எழுதினார் என்பர் பலர். பிலிப்போவும் சானெட்டிலேயே விடையளித்தார். அதே எதுகைகளைக் கொண்டு அவரையே திருப்பியடித்தார். மேலிருந்து அறிவு பெற்றவன் பிறர் காணாததைக் காண்பான் என்பது அவர் வாதம். பாவலர் என்ற முறையில் பார்த்தால், பொற்கொல்லரின் பா புலவரின் பாவுக்குத் தாழ்ந்ததன்று. இதைச் சொல்வதற்கு நம்மவர் என்னைப் பொறுத்தருள்க.

வசைப்பாவோடு ஜொவான்னி நிற்கவில்லை. 1425ஐ ஒட்டி, தோல் ஏடு ஒன்றில் படம் வரைந்து குற்றம் சாட்டினார். அது இன்றும் ஃபிளாரன்ஸ் அரசு ஆவணக் காப்பகத்தில் உள்ளது. குற்றச்சாட்டு இரண்டு. ஒன்று: பிலிப்போ 'கூரிய ஐந்து' விதியை மீறிவிட்டார், வளைவின் மையம் வேறிடத்தில் விழுகிறது, மாடம் இடிந்துவிழும் ஆபத்து உண்டு. மற்றொன்று: உள்ளே இருள் சூழும், ஆதலின் மாடத்தின் அடியில் சாளரங்கள் வைக்கவேண்டும். பொறுப்பாளர் 1426இல் எழுதிய திருத்தத்தில் வேலை முன்போலவே தொடரும் என்றனர்; சாளரம் வைக்கப்படவில்லை. வளைவைப் பற்றி ஜொவான்னி சொன்னது தவறு. இருளைப் பற்றி அவர் சொன்னது சரி. பின்னாளில் வசாரியும் சுக்காரியும் மாடத்தின் உட்புறமெங்கும் தீட்டிய இறுதித்தீர்ப்பு ஓவியத்தைக் கழுத்து வலிக்க நிமிர்ந்து பார்ப்போர் அனைவரும் அந்த மங்கலை உணர்வர். மாடம் எழும்பிக்கொண்டிருந்த நாளிலேயே அதன் வடிவக்கணிதத்தைக் காட்டும் படமாக எஞ்சியிருப்பது, அதனைப் பழித்து வரையப்பட்ட அவ்வேடே.

கலத்தின் விதியோ கவிஞரின் பக்கம் நின்றது. 1428இல் நூறு டன் வெண்பளிங்கை ஏற்றிக்கொண்டு ஆர்னோ ஆற்றில் வந்த அப்பெருங்கலம் ஃபிளாரன்ஸை அடையவில்லை. சுமை பெரும்பாலும் இழப்பாயிற்று. 1430இல் லூக்கா நகரை முற்றுகையிட்டபோது, ஆற்றைத் திருப்பி அந்நகரைத் தீவாக்கலாம் என்று பிலிப்போ திட்டமிட்டார். வெள்ளம் திரும்பி ஃபிளாரன்ஸின் பாசறைக்குள்ளேயே புகுந்தது. தவறாத அறிவினர் என்று அவரைப் போற்றுவோர் இவ்விரண்டையும் விரைந்து கடப்பர்.

1434 அவருக்குக் கொடிய ஆண்டு. கொத்தர், தச்சர் சங்கத்தில் உறுப்பினராகச் சந்தா செலுத்தாமல் கட்டட வேலை செய்கிறார் என்று அச்சங்கத்தார் வழக்கிட்டு அவரைச் சிறையிலிட்டனர். நாட்டின் மிகப்பெரிய மாடத்தைக் கட்டிக்கொண்டிருந்தவர் சந்தா பாக்கிக்காகப் பதினொரு நாள் சிறையிருந்தார். பேராலயப் பொறுப்பாளர் வெகுண்டு, பதிலுக்கு அச்சங்கத்தின் தலைவரைப் பிடித்துச் சிறையிட, இவர் வெளிவந்தார். அதே ஆண்டில் வளர்ப்பு மகன் புஜ்ஜானோ, பணத்தையும் நகைகளையும் எடுத்துக்கொண்டு நேப்பிள்சுக்கு ஓடிப்போனார். மணம் செய்துகொள்ளாத பிலிப்போ ஐந்து வயதில் எடுத்து வளர்த்த பிள்ளை. போப்பாண்டவர் நான்காம் யூஜின் தலையிட்டே அவரைத் திரும்ப வரவழைக்க வேண்டியிருந்தது.

1436 மார்ச் 25ஆம் நாள் அப்போப்பாண்டவரே பேராலயத்தை நேர்ந்தளித்தார். துஃபாய் என்னும் இசைமேதை அதற்கென ஒரு பன்குரல் இசை அமைத்தார். ஆகஸ்டில் மாடம் மூடப்பட்டது. உச்சியில் வைக்கவேண்டிய விளக்குமாடத்துக்கு மீண்டும் போட்டி! பதினாறு ஆண்டு மாடத்தைக் கட்டி முடித்தவர், மாதிரி செய்து மற்றவர்களோடு நிற்க வேண்டியிருந்தது. அம்மற்றவர்களில் கிபெர்த்தியும் ஒருவர். இம்முறை பிலிப்போ வென்றார். ஆனால் விளக்குமாடத்துக்கான முதற்கல் ஏற்றப்பட்ட 1446இலேயே, ஏப்ரல் மாதத்தில், அவர் காலமானார். பணி 1461இல் முடிந்தது. வெரோக்கியோ செய்த செப்புக்கோளம் 1471இல் ஏறியது.

ஓடிப்போன மகனே திரும்பிவந்து தந்தையின் முகத்தைப் பளிங்கில் செதுக்கினார். அது பேராலயச் சுவரில் உள்ளது. அதன் கீழ் உள்ள இலத்தீன் வாசகத்தை எழுதியவர் கார்லோ மார்சுப்பினி. அவரும் ஒரு கவிஞர். உடலை எங்கே இடுவது என்று தெளிவாகும்வரை அதனை மணிக்கூண்டில் வைத்திருந்தனர். பின்னர்ப் பேராலயத்துக்குள்ளேயே புதைத்தனர். நாளடைவில் இடம் மறந்துபோயிற்று. 1972இல் தளத்துக்கு அடியிலிருந்த பழைய சாந்தா ரெபராத்தா ஆலயத்தை அகழ்ந்தபோது ஓர் எளிய கற்பலகை தென்பட்டது. அதில் பிலிப்போவின் பெயர் இருந்தது.